பாறையில் மோதிய அவுட்போர்டு: அடி போன பாதை

என் படகின் பின்பலகையில் மாட்டியிருக்கும் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் தண்ணீருக்குள் மறைந்திருந்த பாறையில் மோதியது. மோட்டாரைத் தூக்கிப் பார்த்தபோது கண்ணில் பட்ட சேதம் இரண்டே இரண்டு. மூன்று இறக்கைப் புரொப்பெல்லரில் ஒரு இறக்கையின் நுனி மடங்கியிருந்தது. கியர் பாக்ஸுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான அலுமினியத் தகடு, ஸ்கெக் என்பார்கள், அதன் முனை உடைந்து போயிருந்தது. புரொப்பெல்லரை மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் பார்த்த எல்லாரும் சொன்னார்கள். மாற்றினேன், பாதிதான் சரியானது. மீதிப் பாதியைத் தேடிப் பிடித்த விவரத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த மாதிரிப் பழுதில் கைக்கு வந்ததைக் கழற்ற ஆரம்பித்தால் கழற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அடி எந்த வழியாகப் போயிருக்கும் என்று முதலில் யோசித்து, அந்த வழியில் ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டு போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பாறை மோதலில் அடி இரண்டு வழியாகப் போகும்.

ஒன்று சுழற்சியின் வழி. இறக்கை பாறையில் பட்டதும் புரொப்பெல்லர் சட்டென்று நிற்கப் பார்க்கிறது. மேலே இன்ஜினில் இருக்கும் கனமான சக்கரமான ஃபிளைவீலோ அதே வேகத்தில் சுற்றப் பார்க்கிறது. கார், பைக்கில் இருப்பதுபோல நழுவி விட்டுக்கொடுக்கும் கிளட்ச் தட்டு அவுட்போர்டில் கிடையாது. அதனால் நடுவில் இருக்கும் அத்தனை பாகமும் முறுக்கு வாங்குகிறது: புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதைக் கியரோடு கோக்கும் கிளட்ச் டாக், கியர் பற்கள், செங்குத்தாக நிற்கும் டிரைவ் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட், கடைசியில் ஃபிளைவீலைப் பிடித்திருக்கும் சின்னக் கீ. விட்டுக்கொடுப்பதற்கென்றே வைத்திருப்பது புரொப்பெல்லருக்குள் இருக்கும் ரப்பர் புஷ் மட்டும்தான். மிகச் சிறிய மோட்டார்களில் அந்த வேலையை ஷியர் பின் பார்க்கும். அடி விழுந்தால் அது அறுந்து மற்றதைக் காப்பாற்றும்.

இன்னொன்று தள்ளலின் வழி. படகின் எடையும் வேகமும் சேர்ந்து, பாறையில் இடித்த ஸ்கெக்கையும் கியர் பாக்ஸையும் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் கியர் பாக்ஸ் கூட்டிலிருந்து நடுத்தண்டுக்கும், ரப்பர் மவுன்ட்டுக்கும், பிராக்கெட்டுக்கும் ஏறி, முடிவில் படகின் பின்பலகையில் போய் இறங்குகிறது.

முதல் வழியில் சேதம் இருந்தால் சத்தம், அதிர்வு, நழுவல் என்று காட்டும். இரண்டாவது வழியில் இருந்தால் விரிசல், ஆட்டம், கசிவு என்று காட்டும். இரண்டு அடியும் ஒன்றாக வந்து விழும் ஒரு பாகம் உண்டு. அது புரொப்பெல்லர் ஷாஃப்ட். இறக்கையின் நுனி ஒரு பக்கமாகப் பாறையில் மாட்டும்போது அந்த ஷாஃப்ட் முறுக்கையும் வாங்குகிறது, பக்கவாட்டில் வளைக்கும் அடியையும் வாங்குகிறது. என் மோட்டாரில் கடைசியில் அங்கேதான் வந்து நின்றேன்.

மோதின இடத்திலேயே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டாரை அணைத்ததும் பார்க்க வேண்டியது படகுக்குள் தண்ணீர் ஏறுகிறதா என்பதைத்தான். மோட்டார் ஸ்கெக்கில் இடித்த பாறை படகின் அடியிலும் உரசியிருக்கலாம். தண்ணீர் இல்லை என்றான பிறகு மோட்டாரைத் தூக்கி இறக்கைகளைப் பார்த்தேன், கியர் பாக்ஸில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தேன். அப்புறம் இறக்கி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜினைக் குளிர்வித்துவிட்டுப் பின்பக்கம் பீச்சும் குளிர்நீர்த் தாரையைக் கவனித்தேன். வந்தது, ஆனால் வழக்கத்தைவிட மெலிந்து வந்தது. மெதுவாக முன் கியர் போட்டபோது படகு நகர்ந்தது. ஸ்டீயரிங்கில் லேசான நடுக்கம். கொஞ்சம் வேகம் கூட்டியதும் சத்தம் மட்டும் ஏறியது, படகு அப்படியே ஊர்ந்தது. வேகத்தைக் குறைத்ததும் மறுபடி பிடித்தது. அந்த மெதுவான வேகத்திலேயே கரைக்கு வந்தோம். கியர் பாக்ஸிலிருந்து அரைக்கும் சத்தம் வந்திருந்தால் அதையும் ஓட்டியிருக்க மாட்டேன். உடைந்த பல் ஒன்று கியர்களுக்கு நடுவில் சிக்கினால் நிமிடத்தில் எல்லாப் பற்களும் போய்விடும். அந்த நிலையில் துடுப்பு போடுவதுதான் நல்லது.

கரைக்கு வந்தபின் முதல் வேலை பாதுகாப்பு. மோட்டாரை அவசரமாக அணைக்கும் கில் சுவிட்சின் கயிற்றை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஸ்பார்க் பிளக் கேப்களையும் பிடுங்கி வைத்த பிறகுதான் புரொப்பெல்லரில் கை வைப்பேன்.

இனி அறிகுறிகள். எனக்குக் கிடைத்தவை மூன்று: வேகம் கூட்டினால் நழுவுகிறது, ஓடும்போது நடுங்குகிறது, குளிர்நீர் மெலிந்து வருகிறது. மூன்றுக்கும் ஒரே காரணம் என்று நினைக்காமல் தனித்தனியாகவே எடுத்துக்கொண்டேன்.

நழுவலுக்குப் பொதுவாக மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும், அவற்றைப் படகில் உட்கார்ந்தபடியே பிரித்துச் சொல்லலாம். ரப்பர் புஷ் போயிருந்தால் மோட்டாரின் சுற்று வழுவழுவென்று ஏறும், படகு ஏறாது. குறைத்தால் உடனே பிடிக்கும். கிளட்ச் டாக்கின் முனை தேய்ந்து கியர் துள்ளினால் டக், டக் என்று இடிப்பது காலுக்குத் தெரியும். புரொப்பெல்லர் காற்றை இழுத்துக்கொண்டால் திருப்பும்போதோ மோட்டாரை அதிகம் தூக்கி ஓட்டும்போதோதான் சுற்று எகிறும், பின்னால் நுரை கிளம்பும். மோட்டாரை உள்ளே இறக்கினால் சரியாகும். மடங்கிய இறக்கைகூட காற்றை இழுக்கும் என்பதால் முதல் காரணத்தையும் மூன்றாவதையும் குழப்பிக்கொள்வது சுலபம்.

குழப்பத்தைத் தீர்க்க ஒரு கோடு போதும். புரொப்பெல்லரின் பின்முனையில், உள்ளே ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் உலோகக் குழலும் வெளியே இறக்கைகளைத் தாங்கும் உருளையும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும்; நடுவில்தான் ரப்பர். குழலிலிருந்து உருளை வரைக்கும் ஒரே நேர்கோடாகக் கூரான ஆணியால் கீறிவிட வேண்டும். அப்புறம் தண்ணீரில் ஓட்டி, நழுவ விட்டு, திரும்பி வந்து பார்க்க வேண்டும். கோடு நேராக இருந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. விலகியிருந்தால் ரப்பர் விட்டுவிட்டது. பேனாக் கோடு தண்ணீரில் அழியும் என்பதால் கீறுவதே நல்லது. எனக்கு அந்தக் கோடு உருளையின் கால் சுற்றுத் தூரம் தள்ளிப் போயிருந்தது. நழுவலுக்கு விடை கிடைத்தது.

புரொப்பெல்லரைக் கழற்றும்போது இறக்கைக்கும் மேலே இருக்கும் தட்டையான தகட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்தால் சுற்றாமல் நிற்கும். நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னை நிமிர்த்தி இழுத்து, நட்டைத் தளர்த்தி, வாஷர்கள் வந்த வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கி வைத்தேன். உள்ளே கடைசியாக வரும் திரஸ்ட் வாஷருக்குச் சரிவான பக்கம் ஒன்று உண்டு. அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். தள்ளு விசை முழுவதும் அந்த வாஷர் வழியாகத்தான் ஷாஃப்ட்டுக்குப் போகிறது.

புது புரொப்பெல்லர் போட்டு ஓட்டினேன். நழுவல் சுத்தமாக நின்றது. நடுக்கம் குறைந்தது, ஆனால் போகவில்லை. சுற்று ஏற ஏற இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரிகிற அளவுக்கு ஒரு அதிர்வு மிச்சம் இருந்தது. இந்த இடத்தில் நிறையப் பேர் வேலையை முடித்துவிடுகிறார்கள். அதிர்வு பழகிவிடும் என்று விடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. அதிர்கிற ஷாஃப்ட் தன்னைச் சுற்றியிருக்கும், கசிவைத் தடுக்கும் ரப்பர் சீலையும் பேரிங்கையும் நாள்தோறும் தின்றுகொண்டிருக்கும்.

அடுத்த கேள்வி, அதிர்வு கிளட்ச் டாக்குக்கு மேலேயா, கீழேயா? இதற்கு கியர் பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். டிரைவ் ஷாஃப்ட்டின் அடியில் ஒரு சின்னக் கியர். அது முன் கியரையும் பின் கியரையும் எதிரெதிர்த் திசையில் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், நியூட்ரலில்கூட. அந்த இரண்டும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மேல் சும்மா சுற்றுகின்றன. நடுவில் ஷாஃப்ட்டோடு சேர்ந்து நகரும் கிளட்ச் டாக், எந்தப் பக்கம் போய்ப் பிடிக்கிறதோ அந்தக் கியரின் திசையில் ஷாஃப்ட் திரும்புகிறது. ஆக, நியூட்ரலில் ஓட விட்டால் இன்ஜின், டிரைவ் ஷாஃப்ட், மூன்று கியர்கள் எல்லாம் சுற்றும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு மட்டும் வேலை இல்லை. நியூட்ரலிலேயே சத்தமும் நடுக்கமும் இருந்தால் கோளாறு மேலே. கியர் போட்டால்தான் வருகிறது என்றால் கோளாறு கீழே.

புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, குளிர்நீர் உள்ளே போகும் துளைகளின் மேல் ரப்பர் கவ்வியை மாட்டிக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். தண்ணீர் இல்லாமல் சில நொடிகள் ஓட்டினாலே தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர் கருகிவிடும் என்பதால் தண்ணீர் முதலில், மோட்டார் அப்புறம். நியூட்ரலில் சுற்றை நிமிடத்துக்கு 2000 வரைக்கும் ஏற்றினேன். சுமை இல்லாமல் அதற்கு மேல் ஏற்றுவது நல்லதில்லை. ஒரே சீரான ஓசை. முன் கியர் போட்டு ஐடிலில் விட்டேன். பக்கத்தில் போகாமல், பின்னால் தள்ளிக் குந்தி உட்கார்ந்து ஷாஃப்ட்டின் முனையைப் பார்த்தேன்.

அந்த முனையின் நடுவில், கடைசலில் பிடிப்பதற்காகப் போட்ட ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். ஷாஃப்ட் நேராக இருந்தால் எவ்வளவு சுற்றினாலும் அந்தப் பள்ளம் ஒரே புள்ளியாக நிற்கும். எனக்கு அது புள்ளியாக நிற்கவில்லை. குட்டியாக ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. நட் மாட்டும் மரையின் ஓரம் தெளிவாகத் தெரியாமல் இரட்டையாக மங்கித் தெரிந்தது. அதிர்வின் காரணம் கண்ணுக்கு முன்னால் நின்றது.

கண்ணால் பார்த்ததை அளந்தும் பார்க்க வேண்டும். அதற்கு, நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் தேவை. அதன் காந்தக் கால் அலுமினியக் கூட்டில் ஒட்டாது என்பதால் ஒரு இரும்புப் பட்டையை கியர் பாக்ஸுக்கு மேலே இருக்கும் தகட்டில் சி-கிளாம்ப் போட்டு இறுக்கி, அதன் மேல் காந்தக் காலை நிறுத்தினேன். கேஜின் முனையை ஷாஃப்ட்டில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் ஸ்பிளைன் பற்களின் மேல் வைக்கக் கூடாது. அவற்றுக்கு முன்னால் இருக்கும் வழுவழுப்பான பகுதியில் வைக்க வேண்டும். மோட்டாரை அணைத்து, பிளக் கேப்களைப் பிடுங்கி, நியூட்ரலில் கையால் ஷாஃப்ட்டை மெதுவாகத் திருப்பினேன். முள் அரை மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஆடியது. சர்வீஸ் புத்தகம் அனுமதிக்கும் அளவு அதில் ஒரு சிறு பங்குதான். டயல் கேஜ் கையில் இல்லாதவர்கள் ஒரு விறைப்பான கம்பியைக் கூட்டில் கட்டி, அதன் முனையை ஷாஃப்ட்டைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தித் திருப்பிப் பார்க்கலாம். ஒரு பக்கம் உரசி மறுபக்கம் இடைவெளி விட்டால் வளைவு இருக்கிறது. எவ்வளவு என்று தெரியாது, இருக்கிறது என்பது தெரியும்.

இப்படிச் சோதிக்கும்போது புரொப்பெல்லரையும் மாட்டி ஒவ்வொரு இறக்கை நுனியையும் அதே கம்பியோடு ஒப்பிடலாம். ஒரு இறக்கை மட்டும் விலகினால் கோளாறு இறக்கையில். உருளையே ஏறி இறங்கினால் ஷாஃப்ட்டில்.

அடுத்து எண்ணெய். மோதின அன்றே கியர் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்திருந்தேன், தெளிவாக இருந்தது. பல வருடம் படகு மோட்டார் பார்த்துவரும் ஒரு அண்ணனிடம் சொன்னேன்.

“எண்ணெய் சுத்தமா இருக்குண்ணே. அப்ப சீல் நல்லாத்தானே இருக்கு?”

“அடிபட்டதுக்கப்புறம் இன்னும் ஒழுங்கா ஓடவே இல்லையே தம்பி. நல்லா ஒரு ஓட்டம் ஓட்டிட்டு, ராத்திரி முழுக்க நிமிர்த்தி நிக்க விடு. காலைல கியர் பாக்ஸுக்குக் கீழ இருக்கிற, எண்ணெய் வடிக்கிற அடி போல்ட்டை லேசாத் தளர்த்து. முதல்ல என்ன சொட்டுதுன்னு பாரு.”

அதில் உள்ள காரணம் எளிது. ஓடும்போது தண்ணீரும் எண்ணெயும் கலந்து பால்போல வெளுத்துவிடும். நிற்க விட்டால், கனமான தண்ணீர் கொஞ்சமாவது அடியில் இறங்கும். புது புரொப்பெல்லரோடு ஓட்டிய மறுநாள் காலையில் அடி போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். முதலில் சொட்டியது தண்ணீர். அதற்குப் பின்னால் வெளுத்த எண்ணெய். வளைந்த ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் சீலின் உதட்டை ஒரு பக்கம் அமுக்கி, மறுபக்கம் திறந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் சீலை மட்டும் மாற்றினால் புது சீலும் சில ஓட்டங்களில் அதே கதிக்கு வரும். எண்ணெயில் தண்ணீர் என்றதும் சீலை மாற்றிவிட்டு ஓய்ந்துபோகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. பாறை தட்டின மோட்டாரில் முதலில் ஷாஃப்ட்டை அளக்காமல் சீலைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எண்ணெயை முழுவதும் வடிக்கும்போது அடி போல்ட்டின் காந்த முனையையும் பார்க்க வேண்டும். மையைப் போல நைசான சாம்பல் பசை இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் தேய்க்கும்போது துண்டாகத் தட்டுப்பட்டால் பல் உடைந்திருக்கிறது. எனக்குப் பசை மட்டும்தான். ஆறுதலாக இருந்தது.

கியர் பாக்ஸைக் கீழே இறக்குவது பயமுறுத்தும் வேலை இல்லை, ஆனால் ஒரு மறைந்த போல்ட் பலரைக் குழப்பும். புரொப்பெல்லருக்கு மேலே சின்னத் துடுப்பு வடிவத்தில் டிரிம் டேப் ஒன்று இருக்கிறது; பல மோட்டார்களில் அதைக் கழற்றினால்தான் அதற்குள் இருக்கும் போல்ட் தெரியும். கழற்றும் முன் அது எந்தக் கோணத்தில் இருந்தது என்று கீறிக் குறித்துக்கொண்டேன், இல்லையென்றால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். கியர் மாற்றும் கம்பியின் இணைப்பை விடுவித்து, மற்ற போல்ட்களை எடுத்து, ஒருவர் கீழே தாங்கிப் பிடிக்க, நேராகக் கீழே இழுத்தோம். டிரைவ் ஷாஃப்ட் மேலே கிராங்கில் இறுகியிருந்தால் லேசாக ஆட்டி ஆட்டி இறக்க வேண்டும். சம்மட்டிக்கு இங்கே இடம் கிடையாது.

டிரைவ் ஷாஃப்ட்டின் மேல் முனையில் இருக்கும் ஸ்பிளைன் பற்களை நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். அளவுக்கு மீறி முறுக்கு வாங்கிய ஷாஃப்ட்டில் அந்தப் பற்கள் நேர்கோடாக இல்லாமல் லேசாகத் திருகியிருக்கும். ஒரு இரும்பு அளவுகோலைப் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். என்னுடையது நேராக இருந்தது. ரப்பர் புஷ் அங்கே விட்டுக்கொடுத்ததால் முறுக்கு மேலே அதிகம் ஏறவில்லை என்று புரிந்துகொண்டேன். அலுமினியப் புரொப்பெல்லர் என்பதும் உதவியிருக்கிறது. அது தானே மடங்கி அடியில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புரொப்பெல்லர் வேகத்துக்கு நல்லதுதான், ஆனால் மடங்காது. பாறை அதிகமுள்ள நீரில் நான் அலுமினியத்தைத்தான் மாட்டுவேன்.

இருந்தாலும் அந்த வழியின் கடைசி முனையான ஃபிளைவீல் கீயையும் விடவில்லை. அது பாதி நசுங்கினால் ஃபிளைவீல் கிராங்க்கின் மேல் சற்றுத் திரும்பி, பிளக்கில் பொறி விழும் நேரம், அதாவது இக்னிஷன் டைமிங், விலகிவிடும். பிளக்கில் பொறி இருக்கும், பெட்ரோல் இருக்கும், ஆனாலும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், வெடிக்கும், இழுவை இருக்காது. என் மோட்டார் முதல் முயற்சியிலேயே ஸ்டார்ட் ஆனதால் சந்தேகம் குறைவுதான். டைமிங் லைட் வைத்துப் பார்த்து, குறி சரியான இடத்தில் நிற்பதை உறுதிசெய்துகொண்டேன். ஃபிளைவீலைக் கழற்றத் தேவைப்படவில்லை.

மெலிந்த குளிர்நீருக்கு வருகிறேன். தண்ணீர் பம்ப் டிரைவ் ஷாஃப்ட்டிலேயே, கியர் பாக்ஸின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. கியர் பாக்ஸ் இறங்கியபோதுதான் கைக்கு எட்டும். திறந்ததும் உள்ளே மணல். மோதியபோது கலங்கிய அடிமணலை பம்ப் இழுத்திருக்கிறது. இம்பெல்லரின் இதழ் ஓரங்கள் சொரசொரவென்று இருந்தன, அடித்தட்டில் வட்ட வட்டமாகக் கீறல். இரண்டையும் மாற்றினேன். பம்ப் மூடியை இறக்கும்போது ஷாஃப்ட்டை அது ஓடும் திசையிலேயே திருப்பிக்கொண்டு இறக்கினால் இதழ்கள் சரியான பக்கம் மடங்கி உட்காரும்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெளியே எடுப்பதுதான் இந்த வேலையில் பொறுமையைச் சோதித்த இடம். ஷாஃப்ட்டையும் சீல்களையும் தாங்கும் பேரிங் கேரியர் உப்பு பூத்துக் கூட்டோடு ஒட்டியிருந்தது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்து, கூட்டை வெளியிலிருந்து சூட்டுக் காற்றால் மிதமாகச் சூடாக்கி, இரண்டு நீள மரைக்கம்பிகளும் ஒரு பட்டையும் வைத்துச் செய்த இழுப்பானால் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி இழுத்தேன். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் கேரியர் சாய்ந்து இன்னும் இறுகும். வெளியே வந்ததும் அதோடு வந்த ஷிம் வளையங்களைக் கலக்காமல் தனியாக வைத்தேன்; கியர்களுக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியை அவைதான் தீர்மானிக்கின்றன.

கிளட்ச் டாக்கின் முனைகள் கூர்மையாகவே இருந்தன. பளபளப்பு மட்டும்தான், மழுங்கவில்லை. கியர் பற்களை ஒவ்வொன்றாக நகத்தால் தடவிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. கேரியரின் பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றியபோது கரகரத்தது. அதையும் மாற்றும் பட்டியலில் சேர்த்தேன்.

வளைந்த ஷாஃப்ட்டை நிமிர்த்தித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் புதிது போட்டேன். கடினப்படுத்திய எஃகை ஒருமுறை வளைத்து, இன்னொருமுறை நிமிர்த்தினால் அது எந்த இடத்தில் சோர்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஷாஃப்ட் நடுநீரில் ஒடிந்தால் புரொப்பெல்லரும் சேர்ந்து போகும், திரும்பி வர வழியில்லாமல் போகும்.

கேரியரில் சீல் இரண்டு, முதுகோடு முதுகு ஒட்டி. ஒன்றின் உதடு உள்ளே பார்த்து எண்ணெயைத் தடுக்கும். மற்றதன் உதடு வெளியே பார்த்துத் தண்ணீரைத் தடுக்கும். கழற்றும்போதே எது எந்தப் பக்கம் இருந்தது என்று படம் எடுத்து வைத்திருந்தேன். சரியான அளவு சாக்கெட்டை வைத்து நேராக இறக்கி, நடுவில் கிரீஸ் நிரப்பி, கேரியரின் ஓ-ரிங்கையும் புதிதாகப் போட்டேன்.

மூடியதும் எண்ணெய் ஊற்றவில்லை. முதலில் காற்று. மேல் துளையில் ஒரு கேஜோடு கூடிய இணைப்பை மாட்டி, கைப்பம்பால் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு வரைக்கும் மெதுவாக ஏற்றி, ஷாஃப்ட்டைத் திருப்பிக்கொண்டே சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் பூசினேன். குமிழி வரும் இடம் கசியும் இடம். ஷாஃப்ட்டைச் சுற்றி ஒன்றும் வரவில்லை. ஆனால் கியர் மாற்றும் கம்பி உள்ளே போகும் சின்ன சீலில் மிகப் பொடியாகக் குமிழி கிளம்பியது. அடியால் வந்ததா, வயதால் வந்ததா என்று சொல்ல முடியாது. மாற்றிவிட்டு மறுபடி காற்று ஏற்றியபோது முள் அசையாமல் நின்றது. இந்தச் சோதனையைத் தவிர்த்திருந்தால் அந்தக் கசிவு எண்ணெய் வெளுத்த பிறகுதான் தெரிந்திருக்கும், பழியோ புது ஷாஃப்ட் மேல் விழுந்திருக்கும்.

எண்ணெயைக் கீழ்த் துளையிலிருந்து மேல்நோக்கிப் பம்ப் செய்து, மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும்வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். வழிந்ததும் மேல் போல்ட்டை முதலில் மூடி, பிறகு பம்பை எடுத்துக் கீழ் போல்ட்டைச் சட்டென்று மாட்ட வேண்டும். இரண்டுக்கும் புது வாஷர். பழைய வாஷரால் தண்ணீர் புகுந்து கியர் பாக்ஸ் கெட்ட மோட்டார்களும் உண்டு.

தள்ளலின் வழியையும் இதற்கு நடுவிலேயே பார்த்து முடித்தேன். கியர் பாக்ஸ் கூடும் நடுத்தண்டும் சேரும் விளிம்பு, கூட்டின் மூக்குப் பகுதி, பிராக்கெட்டின் மூலைகள், இங்கெல்லாம் பெயிண்ட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார்த்தேன்; நேராக அடித்தால் விரிசல் தெரியாது. இல்லை. மோட்டாரைத் தூக்கி இறக்கும் டில்ட் சிலிண்டரின் தண்டு நேராக இருந்தது, எண்ணெய் கசியவில்லை. அந்தச் சிலிண்டருக்குள் அடி விழும்போது மோட்டாரை மேலே எகிறவிடும் வால்வு இருக்கிறது. அது தன் வேலையைச் செய்திருக்கிறது. மோட்டாரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டியபோதுதான் கீழ் ரப்பர் மவுன்ட் ஒன்றில் ரப்பர் உலோகத்திலிருந்து விட்டுப் பிளந்து தெரிந்தது. இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றினேன். பின்பலகையில் மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட் ஒன்றின் சீலன்ட் விரிந்திருந்தது. எடுத்துச் சுத்தம் செய்து புதிதாக அடைத்தேன். பார்வைக்கு அற்பமாக இருந்தாலும், அந்த இடத்தில் இறங்கும் தண்ணீர் பலகையின் உள்மரத்தை ஊற வைத்துவிடும்.

ஸ்கெக்கில் போனது முனை மட்டும் என்பதால் உடைந்த விளிம்பை அரத்தால் வழுவழுப்பாக்கி, அலுமினியத்துக்கான பிரைமர் அடித்து விட்டுவிட்டேன். பாதிக்கு மேல் போயிருந்தால் வெல்டிங்தான் வழி. ஆனால் உள்ளே சீலும் பேரிங்கும் இருக்கும்போது அந்தச் சூடு ஆகாது. கூட்டைக் காலி செய்த பிறகே வெல்டிங் வைக்க வேண்டும். வளைந்த ஸ்கெக்கைச் சுத்தியால் குளிராக அடித்து நிமிர்த்தவும் கூடாது. வார்ப்பு அலுமினியம் அப்படி அடித்தால் வேரில் விரிசல் விடும்.

மேலே ஏற்றும்போது டிரைவ் ஷாஃப்ட்டின் ஸ்பிளைன் பற்களில் மட்டும் கிரீஸ் பூசினேன், உச்சித் தட்டையில் பூசவில்லை. அங்கே கிரீஸ் தங்கினால் ஷாஃப்ட் முழுவதும் உட்காராது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கும் கிரீஸ், நட்டுக்குப் புத்தகத்தில் சொன்ன இறுக்கம், புதுக் காட்டர் பின். மடங்கிய பழைய புரொப்பெல்லரை அதற்கான அச்சில் வைத்து நிமிர்த்தி, புது ரப்பர் புஷ் ஏற்றி வாங்கி, உதிரியாகப் படகில் வைத்திருக்கிறேன். கூடவே நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர், மரக்கட்டை, காட்டர் பின் சில, திரஸ்ட் வாஷர் ஒன்று.

தண்ணீரில் விட்டு முழு வேகம் கொடுத்தபோது சுற்று, புத்தகம் சொல்லும் 5000-க்கும் 6000-க்கும் நடுவில் வந்து நின்றது. அதிர்வு இல்லை. புதுப் புரொப்பெல்லரிலும் கோடு கீறியிருந்தேன், விலகவில்லை. இரவு நிற்க விட்டுக் காலையில் அடி போல்ட்டைத் தளர்த்தியதில் சுத்தமான எண்ணெய்தான் முதல் சொட்டிலேயே வந்தது. ரிவர்ஸ் போடும்போது மட்டும் ஒரு சின்ன இடிப்பு இருந்தது. கியர் பாக்ஸைக் கழற்றி மாட்டியதில் கியர் கேபிளின் நீளம் சற்று மாறியிருந்தது. அதை முனையில் இரண்டு மரை திருப்பிச் சரிசெய்ததும் இடிப்பு நின்றுவிட்டது.